மகள் தலைமயிரைத் தின்கிறாள், வயிற்றில் கல் மாதிரி தட்டுப்படுகிறது. வாழைத்தண்டுக்குக் கரையுமா?

உப்புவெளி_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன். மகளுக்கு 11 வயது. போன வருடம் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த நாட்களில்தான் இது தொடங்கியிருக்க வேண்டும். இரவில் கொப்பியோடு இருக்கும்போது இடது காதுக்கு மேலே உள்ள மயிரை விரலில் சுற்றிச் சுற்றி ஒன்றைப் பிடுங்குவாள், அதன் வேரை உதட்டில் தேய்ப்பாள், அப்புறம் பார்த்தால் கையில் ஒன்றும் இருக்காது. கீழே போட்டிருப்பாள் என்றுதான் இருந்தேன். காலையில் அறையைக் கூட்டும்போது ஒரு மயிர்கூட அகப்படாதது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. இப்போது காதுக்கு மேலே ஐந்து ரூபாய்க் குற்றியளவு வெறும் தோல்.

இரண்டு மாதமாகச் சாப்பாடு மிகக் குறைவு. இரண்டு இடியப்பத்தோடு வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள். எத்தனை தடவை பல்லுத் தீட்டினாலும் வாய் மணக்கிறது. மூன்று நாலு தடவை சத்தி எடுத்தாள், முகமும் வெளிறிவிட்டது. டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் காட்டினேன், கேஸ்ட்ரிக் என்று பாணி மருந்தும் பூச்சி மருந்தும் தந்தார்கள். மயிர் தின்பதை நானும் சொல்லவில்லை, அவர்களும் தலையைப் பார்க்கவில்லை.

போன கிழமை குளிக்க வார்க்கும்போது நெஞ்சுக்குழிக்குக் கீழே இடது பக்கமாக ஏதோ கல் மாதிரி கையில் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. மாமி வாழைத்தண்டுச் சாறு கொடு, மயிர் கரைந்து போய்விடும் என்கிறார், பத்திரகாளி அம்மனுக்கு நேத்தியும் வைத்துவிட்டார். மச்சாள் பார்வை பார்க்க மூதூருக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். இவர் கட்டாரில், இன்னும் சொல்லவில்லை. உண்மையாகவே மயிர் வயிற்றில் உருண்டையாகுமா? வெட்டித்தான் எடுக்க வேண்டுமா?

வார்ட்_மிஸ் எழுதியது:

அக்கா, நாளைக் காலையே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், கிழமை முடியட்டும் என்று இருக்க வேண்டாம். வெறும் வயிற்றோடு போனால் அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வசதியாக இருக்கும். டொக்டர் வாய் திறக்க முன்னமே "பிள்ளை தலைமயிர் தின்கிறாள்" என்று நீங்கள் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் இல்லாததால்தான் பாணி மருந்தோடு இரண்டு மாதம் போயிருக்கிறது. சத்திர சிகிச்சை வார்ட்டில் பல வருடம் இருந்தவள் நான், இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

உருண்டையாகும். மயிரும் நகமும் கெரட்டின் என்ற ஒரே சாமான், அதை வெட்டிக் கரைக்க நமது வயிற்றில் ஒரு நொதியம் கிடையாது. மயிர் வழுவழுப்பு வேறு, இரைப்பை பிசைந்து தள்ளும்போது பிடிகொடுக்காமல் நழுவி அதன் மடிப்புகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஒன்றோடு ஒன்று பின்னி, சளியும் சாப்பாடும் சேர்ந்து, கடைசியில் இரைப்பைக்கு அச்சு எடுத்த மாதிரி அதே வடிவத்தில் இறுகிவிடும். அமிலம் பட்டுப் பட்டு நிறமும் கறுத்துவிடும், செம்பட்டை மயிராக இருந்தாலும் வெளியே வரும்போது கறுப்புத்தான். உள்ளே அகப்பட்ட சாப்பாடும் கொழுப்பும் பழுதாவதால்தான் அந்த வாய் நாற்றம், பல்லுத் தீட்டி அது போகாது. இரைப்பையில் இடமே இல்லாதபோது இரண்டாவது இடியப்பத்தோடு பிள்ளை நிறுத்துகிறாள், வேறு என்ன செய்வாள். நம்ம திருகோணமலை டவுனில் திரியும் மான்கள் சாப்பாட்டுப் பார்சல் பொலித்தீனைத் தின்றுவிட்டு வயிறு வீங்கிக் கிடக்கின்றனவே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

சிலருக்கு உருண்டையிலிருந்து ஒரு வால் சிறுகுடலுக்குள் இறங்கிவிடும். அதற்கு ராபன்சல் சின்ட்ரோம் என்று பெயர், ஜேர்மன் கதையில் கோபுரத்திலிருந்து கூந்தலைத் தொங்கவிடும் பெட்டையின் பெயரை 1968 இல் வைத்தார்கள். பெயர்தான் வடிவு. குடல் அடைபடலாம், உராய்ந்து உராய்ந்து இரைப்பையில் ஓட்டை விழலாம். ஆகவே வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். வயிறு பலகை மாதிரி இறுகினால், சத்தி நிற்காவிட்டால், காற்றுப் பிரியாவிட்டால், இரவென்றும் பாராமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

வெட்ட வேண்டுமா என்று கேட்டீர்கள். பெரிதாகிவிட்டால் பெரும்பாலும் ஆம். வாயால் குழாய் விட்டு இழுக்கப் பார்ப்பதும் உண்டு, ஆனால் பெரிய உருண்டை தொண்டையால் வராது, பிய்த்துப் பிய்த்து எடுக்கப்போனால் துண்டுகள் கீழே இறங்கிக் குடலை அடைக்கும். இரைப்பையைத் திறந்து முழுசாக எடுத்துவிட்டுத் தைப்பதுதான் சுத்தமான வேலை. பயப்படாதீர்கள், இரைப்பை நன்றாகவே ஆறும்.

பாலையூற்று_தம்பி எழுதியது:

மிஸ் கோபிக்க வேண்டாம், எங்கள் அப்பப்பா மாதம் ஒரு முறை வாழைத்தண்டுக் கறி கட்டாயம் என்பார், சோற்றோடு போன மயிர், கல்லு எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகுமாம். அப்படி ஒன்றும் இல்லாமலா இத்தனை தலைமுறை சொல்லிவந்தது? கொக்கா கோலா குடித்து வயிற்று உருண்டை கரைந்ததாகவும் எங்கோ வாசித்தேன். மாட்டு வயிற்றிலும் மயிர் உருண்டை வருமே, கோரோசனை என்று குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுப்பது அதுதானே.

வார்ட்_மிஸ் எழுதியது:

தம்பி, கோபம் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் போனாலும் போனதுதான், அதனால் நேராகவே சொல்கிறேன். வாழைத்தண்டு நல்ல கறி, நானும் சமைக்கிறேன். சோற்றோடு தெரியாமல் போன ஒரு மயிர் வாழைத்தண்டு இல்லாமலே வெளியே போய்விடும், அதனால்தான் அப்பப்பாவின் வைத்தியம் ஒருநாளும் தோற்கவில்லை. அடைத்துக் கிடக்கிற வயிற்றுக்குள் நாரை இன்னும் போட்டால் அதுவும் உருண்டையோடு சேர்ந்து பின்னும், அவ்வளவுதான். கோலா கதை பொய்யில்லை, ஆனால் அது சீமைப்பனிச்சை (பெர்சிமன்) போன்ற பழங்களின் நார் திரண்டு வரும் உருண்டைக்கு. மயிருக்கு அது தண்ணீர் மாதிரி.

கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல், மயிர் உருண்டை வேறு. மாடு தன்னை நக்கி நக்கி விழுங்கும் மயிர்தான் அதன் வயிற்றில் உருளும். ஆட்டு வயிற்றுக் கல்லை விஷமுறிப்பான் என்று ஒரு காலத்தில் பொன்விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். டொக்டர்மார் இந்த உருண்டைக்குச் சொல்லும் பீசோர் என்ற பெயரே விஷமுறிப்பான் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததுதான். அது கிடக்கட்டும்.

நிலாவெளி_26 எழுதியது:

அக்கா, நான் அந்தப் பிள்ளையாக இருந்தவள். எனக்கு 15 வயதில் ஒப்பரேஷன். முதலில் ஒன்று, தயவுசெய்து அடிக்காதீர்கள், ஏசவும் வேண்டாம். வேண்டுமென்று செய்வதில்லை. பாதி நேரம் கை போனதே தெரியாது. தெரிந்த நேரத்திலும், வேர் பக்கம் உள்ள அந்தச் சின்ன ஈரமான குமிழ் உதட்டில் படும்போது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிடும், அதற்காகத்தான். பிறகு வரும் அருவருப்பு நீங்கள் ஏசுவதைவிடப் பெரியது. பிடுங்கும் பழக்கத்துக்கு 1889 இலேயே ஒரு பிரெஞ்சுத் தோல் வைத்தியர் பெயர் வைத்துவிட்டார் என்று மனநல டொக்டர் சொன்னபோது நான் அழுதுவிட்டேன், உலகத்தில் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எடுத்ததை சேர்ஜன் ஃபோனில் படம் பிடித்துக் காட்டினார். மட்டையை உப்பாற்றில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுத் திரித்த தும்புக்கயிறு மாதிரி, ஒரு முனை வளைந்து, கறுப்பாக, மினுமினுவென்று. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றார்.

ஆனால் ஒப்பரேஷன் பாதி வேலைதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்கு மொட்டை போட்டுவிட்டார். தலையில் மயிர் இல்லையென்றால் தின்ன முடியாதே என்ற கணக்கு. நான் புருவத்தைப் பிடுங்கினேன், அது முடியக் கம்பளிப் போர்வையின் நூலைச் சப்பினேன். அதற்குப் பிறகுதான் மனநல கிளினிக்குக்குப் போனோம். விசர் ஆஸ்பத்திரி என்று சனம் கதைக்கும் என்று அப்பா மூன்று மாதம் இழுத்தடித்தார், அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

அங்கே செய்தது பழக்க மாற்றுப் பயிற்சி, 1973 இல் இரண்டு உளவியலாளர்கள் உண்டாக்கியது. கேட்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஒரு சீஆர் கொப்பியில் கை எப்போது தலைக்குப் போனது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுத வேண்டும். எனக்குக் கணக்குப் பாடமும் நித்திரைக்கு முந்திய அரை மணித்தியாலமும் என்று இரண்டு கிழமையில் தெரிந்துவிட்டது. கை எழும்புகிறது என்று தெரிந்தவுடன் விரல்களை மடக்கி ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். நான் புளியங்கொட்டை ஒன்றைக் கைக்குள் வைத்து நெரிப்பேன். இரவில் தேங்காயெண்ணெய் நிறையத் தேய்த்துத் துணி கட்டிக்கொண்டு படுப்பேன், எண்ணெயில் விரல் வழுக்கும். முழுதாக நிற்க ஒன்றரை வருடம் ஆனது, ஏ.எல் பரீட்சை நேரம் திரும்பவும் கொஞ்சம் எட்டிப்பார்த்தது.

வார்ட்_மிஸ் எழுதியது:

தங்கச்சி சொன்னதோடு ஒன்று. இரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு குறைந்தவர்களுக்கு மண், சோக்கு என்று சாப்பாடல்லாததில் ஆசை வருவதுண்டு, உருண்டை கிடக்கிற வயிற்றாலும் இரும்பு குறையும், எது முந்தியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் குறைவு இருந்தால் மருந்து கொடுக்கலாம். பிடுங்குகிற எல்லோரும் தின்பதில்லை, தின்கிற எல்லோருக்கும் உருண்டை ஆவதுமில்லை, ஆகவே மற்றத் தாய்மார் இதை வாசித்துவிட்டு பிள்ளை மயிர் நுனியைச் சப்பினாள் என்று ஓடிவர வேண்டாம். யாருடனாவது கதைக்க வேண்டுமென்றால் 1926 மனநல உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம்.

உப்புவெளி_அம்மா எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எழுதிய மறுநாளே போனோம். உள்ளே போனவுடன் மிஸ் சொன்ன வசனத்தைத்தான் சொன்னேன், டொக்டர் பேனையை வைத்துவிட்டு அவள் காதுக்கு மேலே மயிரை விலக்கிப் பார்த்தார். ஸ்கேனில் ஒரு வெள்ளை வளைவு, அதற்குப் பின்னால் எல்லாம் இருட்டு. அந்த இருட்டுத்தான் உருண்டையின் நிழலாம். நாலாம் நாள் எடுத்துவிட்டார்கள். வால் இல்லை. இவருக்கும் சொல்லிவிட்டேன், ஏசுவார் என்று பயந்தேன், ஃபோனில் நெடுநேரம் சத்தமே இல்லை, பிறகு பிள்ளையிடம் கொடு என்றார்.

நேற்று ஒரு கோப்பை கஞ்சி முழுதாகக் குடித்தாள். மாமி நேத்தியை நிறைவேற்றப் போகிறார், போகட்டும். கிளினிக் வருகிற செவ்வாய். நிலாவெளித் தங்கச்சி, புளியங்கொட்டை ஐந்தாறு பொறுக்கி வைத்திருக்கிறேன். கொப்பியை நான் எழுதுவதா, அவளே எழுதுவதா?

நிலாவெளி_26 எழுதியது:

அவளே எழுதட்டும் அக்கா. நீங்கள் கேட்டு வாங்கிப் பார்க்காதீர்கள், அவளாகக் காட்டினால் பாருங்கள். கொட்டையைக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள், புளி ஒட்டியிருந்தால் வாயில் போட்டுவிடுவாள்.