பாதி எரியாத சீரியல் லைட், அம்மாவுடன் ஒரு மாலை: உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் 24க்குள் கிறிஸ்துமஸ் குடிலும் மரமும் தயாராக வேண்டும். மரத்துக்கான சீரியல் லைட் சரத்தில் பாதி எரியவில்லை. தொடர் இணைப்பு என்பதால் ஒரு பல்பு போனாலே அந்தப் பகுதி முழுவதும் அணைந்துவிடும் என்பது தெரியும். கண்ணாடி கறுத்த பல்பு எதுவும் கண்ணில் படவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றாமல் கெட்டதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டர் இருக்கிறது. அம்மா ஆசையாக வாங்கிய சரம், தூக்கிப்போட மனமே வரவில்லை.

அப்புறம், அம்மாவைச் சக்கர நாற்காலியில் விளக்கு அலங்காரம் பார்க்க அழைத்துப்போக வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்தவர் முதுகுதான் தெரியும். வார நாளில், இருட்டத் தொடங்கியதுமே போய்விட்டால் நிம்மதியாகப் பார்க்கலாமா? வயதானவர்களை இப்படி அழைத்துப்போனவர்கள் சொல்லுங்கள்.