ஃபிளாபெல்லமா, டிரங்கேட்டோஃபிளாபெல்லமா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய புதைபடிவப் பெட்டியைக் கிளறியபோது விசிறி வடிவில் ஒரு சிறு பவளம் கிடைத்தது. இருபுறமும் அமுக்கியது போலத் தட்டை. கூடவே இருந்த சீட்டில் ‘ஃபிளாபெல்லம்’ என்று மட்டும் இருக்கிறது; இடமும் இல்லை, காலமும் இல்லை (எழுதியவரை என்ன சொல்ல!). லத்தீனில் அதற்குச் சிறு விசிறி என்றுதான் பொருள், பெயர் பொருத்தம்தான். வெளிச்சம் தேவைப்படும் பாசி உடலுக்குள் துணையாக இல்லாததால் வெளிச்சமே எட்டாத ஆழ்கடலிலும் இன்றும் வாழ்கிற, கூட்டமாக வளராத தனிப்பவளம்.

என் குழப்பம் அடிப்பகுதியில். கூராக முடியாமல், கத்தியால் சீவியது போல நேராக இருக்கிறது. அதன் நெருங்கிய உறவான டிரங்கேட்டோஃபிளாபெல்லம் என்ற பவளம் குறுக்காகப் பிரிந்து பெருகுவதால் அப்படியொரு தழும்பு விழும். 1989இல் பவள ஆய்வாளர் கெய்ர்ன்ஸ் அதைத் தனிப் பேரினமாக்கினார். அதன் ஓரங்களில் முள் போன்ற நீட்சிகள் இருக்கும். என்னுடையதில் ஒரு பக்கம் மட்டும் ஏதோ ஒடிந்த அடையாளம்.

தானாகப் பிரிந்த தழும்பையும், பிற்பாடு உடைந்த அடியையும் எப்படி வேறுபடுத்துவது? அப்புறம், உள்தகடுகளின் இடுக்கில் இறுகிய களிமண்ணை எப்படி எடுப்பீர்கள்? கூடு கால்சியம் கார்பனேட் என்பதால் வினிகர் பக்கம் போகவில்லை. படங்கள் கீழே.