இருட்டறையில் அசைவைப் பிடிக்கும் புரொஜெக்‌ஷன்: ஆளில்லாமலே திரை துடிக்கிறது, நின்றவர் மறைந்துபோகிறார்

நிழல்கோடு (கேள்வி)

புதிய ஊடகக் கலைப் பாடத்துக்கான இறுதி வேலை இது. இருட்டறையில் 3 மீட்டர் அகலத்துக்குப் புரொஜெக்‌ஷன். எதிரே நிற்பவரின் உருவம் புள்ளிக் கூட்டமாகத் திரையில் தெரிய வேண்டும். பி5.ஜேஎஸ் (பிரவுசரில் படம் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்), சாதாரண யூஎஸ்பி வெப்கேம், 640×480. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களின் வெளிச்ச வித்தியாசம் 30-ஐத் தாண்டும் பிக்சல்களில் புள்ளி போடுகிறேன்.

வெளிச்சமான அறையில், லேப்டாப் திரையில் நன்றாக ஓடுகிறது. இருட்டில் புரொஜெக்டரோடு ஓட்டினால் ஆளே இல்லாதபோதும் திரை முழுக்கத் துடிக்கிறது. வந்தவர் அசையாமல் நின்றால் உடனே மறைந்துவிடுகிறார். த்ரெஷோல்டை (அந்த 30 என்ற வரம்பை) 60 ஆக்கினால் துடிப்பு குறைகிறது, ஆனால் கையசைவும் பதிவாவதில்லை.

இதோடு ஒரு செயல்முறைக் குறிப்பும் எழுதித் தர வேண்டும். இந்தத் தடுமாற்றங்களை அதில் எழுதலாமா, முடிந்த வேலையைப் பற்றி மட்டும் எழுதினால் போதுமா?

ஒளிவாசல்

த்ரெஷோல்டை 30-லேயே விடுங்கள். நிரல் சரிதான், கவனிக்க வேண்டியது அறையின் வெளிச்சம்.

துடிப்புக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இருட்டில் வெப்கேம் தானாகவே எக்ஸ்போஷரை (ஒளியை வாங்கும் நேரத்தை) நீட்டி, கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றிக்கொள்ளும். கெயின் ஏறினால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் நாய்ஸ் வரும். அது ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறுவதால் உங்கள் கணக்கில் அதுவும் அசைவுதான். அடுத்தது சுழற்சி: திரையில் புள்ளி வந்தால் அறையின் வெளிச்சம் மாறுகிறது, கேமரா அந்த மாற்றத்தைப் பிடிக்கிறது, அதனால் இன்னும் புள்ளிகள். எது என்று கண்டுபிடிக்க, புரொஜெக்டருக்கு அசையாத சாம்பல் நிறப் படம் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு, கணக்கின் விடையை லேப்டாப் திரையில் பாருங்கள். துடிப்பு நின்றால் சுழற்சி. தொடர்ந்தால் நாய்ஸ்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. கேமராவுக்குத் தனி வெளிச்சம் கொடுங்கள்: 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி விளக்குகள். கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கக் கூடாது. சாதாரண வெப்கேமில் லென்ஸுக்குப் பின்னால் சிறு கண்ணாடித் துண்டாக அது இருக்கும். ஒட்டியிருந்தால் எடுக்கும்போது உடையும், எடுத்த பிறகு ஃபோகஸும் நகரும். அந்த ஃபில்டர் இல்லாமலே வரும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்கான நோஐஆர் போன்ற கேமரா நல்லது. அடுத்து, லென்ஸுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் ஃபில்டர். சோதித்துப் பார்க்க, முழுதாக ஒளிபட்டு டெவலப் செய்த கலர் நெகட்டிவின் கறுப்பு முனையை இரண்டு மடிப்பாக வைத்தாலே போதும். புரொஜெக்டர் திரைக்கு அனுப்பும் ஒளியில் அகச்சிவப்பு மிகக் குறைவு. ஆகவே திரையில் என்ன ஓடினாலும் கேமராவுக்கு அறை ஒரே மாதிரி தெரியும். 940 நானோமீட்டர் விளக்கில் 850-இன் மங்கிய சிவப்பு மினுக்கம்கூட இருக்காது, ஆனால் சென்சாரின் உணர்திறன் அங்கே குறைவு.

விளக்கை ஆள்மேல் அடிக்காதீர்கள். கறுப்பாகத் தெரியும் துணிகள் பல அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும், உடைக்கு உடை விடை மாறும். கேமராவைத் திரையின் மேல் விளிம்பில் பார்வையாளரை நோக்கி வைத்து, அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரைச் சீராக ஒளியூட்டுங்கள். ஆள் கறுப்பு நிழலாக வருவார். ஊடாடு கலையின் முன்னோடி மைரன் க்ரூகர் தன் ‘வீடியோபிளேஸ்’ வேலையிலும் பார்வையாளருக்குப் பின்னால் ஒளிரும் பரப்பை வைத்துத்தான் உருவரையைப் பிரித்தெடுத்தார். ஜன்னல் வெயிலிலும் ஹாலஜன் விளக்கிலும் அகச்சிவப்பு ஏராளம், இரண்டும் உள்ளே வரக் கூடாது.

எக்ஸ்போஷர், கெயின், வைட் பேலன்ஸ் மூன்றிலும் ஆட்டோவை அணைத்துவிடுங்கள். இது கட்டாயம்.

நின்றவர் மறைவது ஃபிரேம் வித்தியாச முறையின் இயல்பு. அசைவு இல்லையென்றால் வித்தியாசமும் இல்லை. பின்னணிக் கழித்தலுக்கு மாறுங்கள்: காலி அறையின் படத்தைச் சேமித்து, ஒவ்வொரு ஃபிரேமையும் அதோடு ஒப்பிட வேண்டும். சேமித்த பின்னணியை ஃபிரேமுக்கு 0.002 பங்கு புதிய படத்தை நோக்கி நகர்த்துங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 17 விநாடியில் மாற்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு கரையும். யாராவது பையைத் தரையில் வைத்துவிட்டுப் போனாலும் வேலை தானே சரியாகிவிடும். ஒப்பிடுவதற்கு 160×120 போதும். அதில் 19,200 பிக்சல். 100-க்குக் குறைவாக மாறினால் ஆளில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆழமானி

டெப்த் கேமரா (ஒவ்வொரு இடத்தின் தூரத்தையும் அளக்கும் கேமரா) கிடைத்தால் இதில் பாதி வேலை மிச்சம். அது தன் அகச்சிவப்பைத் தானே அனுப்பும், இருட்டு பிரச்சினையில்லை. அப்படிப்பட்ட ஒன்றான மைக்ரோசாஃப்டின் இரண்டாம் தலைமுறை கினெக்டின் எல்லை 0.5 முதல் 4.5 மீட்டர். ஆனால் அடர்ந்த கறுப்பு முடி இருக்கும் இடம் ஓட்டையாக வரலாம். அதோடு ஒளிவாசல் சொன்ன விளக்குகளைச் சேர்க்க வேண்டாம், அளவீட்டில் குறுக்கிடும்.

நிழல்கோடு

சாம்பல் படச் சோதனையில் துடிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது, சுழற்சிதான். பின்னணிக் கழித்தலுக்கு மாறுகிறேன். இன்னொன்று: ஒரு மணி நேரம் ஓடினால் புள்ளிகளின் நகர்வு மந்தமாகிறது, பிரவுசர் திணறுகிறது. உருவத்தை வரையத் தனி கிராபிக்ஸ் பரப்பு ஒன்றை, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓடும் டிரா ஃபங்ஷனுக்குள் உருவாக்குகிறேன்.

கண்ணாடிக்கூடு

கடைசி வரியிலேயே காரணம் இருக்கிறது. அந்தப் பரப்பை உருவாக்கும் கிரியேட்கிராபிக்ஸ் கட்டளை டிராவுக்குள் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிய கேன்வாஸ் பிறக்கும், மெமரி ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் மட்டும் ஓடும் செட்டப்பில் ஒரே முறை உருவாக்கி, டிராவில் கிளியர் மட்டும் செய்யுங்கள். பிக்சல்டென்சிட்டியை (பிக்சல் அடர்த்தியை) 1 ஆக வையுங்கள். ரெட்டினா வகைத் திரையில் அது 2 ஆக இருக்கும், நாலு மடங்கு பிக்சலை வரைய வேண்டிவரும்.

மந்தமாவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. புள்ளியை ஃபிரேமுக்கு 0.1 பங்கு இலக்கை நோக்கி நகர்த்தினால், நொடிக்கு 60 ஃபிரேமில் சுமார் அரை விநாடியில் சேர்ந்துவிடும். ஃபிரேம் 30 ஆகக் குறைந்தால் அதற்கு ஒரு விநாடி. நகர்வை டெல்டாடைமோடு (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தோடு) கட்டிவிட்டால் கணினி திணறினாலும் வேகம் மாறாது.

குறிப்பைப் பற்றி: தடுமாற்றங்களைத்தான் எழுத வேண்டும், ஆனால் முடிவுகளாக எழுதுங்கள். ‘த்ரெஷோல்டு 60-இல் துடிப்பு அடங்கியது, கையசைவு போனது, அதனால் 30-ஐ வைத்துக்கொண்டு ஒளியை மாற்றினேன்’ என்ற ஒரு வரியில் எதை விட்டுக்கொடுக்க மறுத்தீர்கள் என்பது தெரிகிறது. கையசைவு ஏன் அவ்வளவு முக்கியம் என்று அடுத்த பத்தியில் எழுதினால் அதுவே கலையைப் பற்றிய பேச்சு. எந்த மென்பொருள் என்ற விவரத்துக்கு இரண்டு வரி போதும். மறைந்துபோவதையும் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 17 விநாடியில் கரைவதா, 5 விநாடியிலா, கரையவே கூடாதா என்பதில் வேலையின் பொருளே மாறும். மூன்றையும் ஓட்டி, விளக்கம் சொல்லாமல் ஆட்களை உள்ளே விட்டு, முதலில் எங்கே நிற்கிறார்கள், எப்போது கையைத் தூக்குகிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள் என்று குறித்துவையுங்கள்.

சமர்ப்பிக்கும் ஃபோல்டரில் பி5 நூலகக் கோப்பையும் போடுங்கள், இணைய இணைப்பை நம்ப வேண்டாம். பிரவுசரின் பதிப்பு எண், எக்ஸ்போஷர் மதிப்பு, கேமராவின் உயரம், சுவருக்கும் ஆளுக்கும் உள்ள தூரம், நிறுத்தாமல் எடுத்த வீடியோ இவையும் சேரட்டும். 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கு (பிரவுசரில் அசைபடங்களை ஓட்டிய அடோபி மென்பொருளுக்கு) ஆதரவு நின்றபோது எத்தனையோ இணையக் கலைப்படைப்புகள் பிரவுசரில் திறக்காமல் போயின. ‘அசையாமல் நிற்பவர் 17 விநாடியில் பெரும்பாலும் கரைவார்’ என்று எழுதிவைத்திருந்தால், வேறு கருவியிலும் இதைத் திரும்பக் கட்டலாம்.