அப்பாவுக்குக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமாம், போடலாமா?

களுவாஞ்சி மகள்:
அப்பாவுக்கு 61 வயது, சீனி வருத்தம் வந்து பதினைந்து வருடத்துக்கு மேல். கண்ணாடி மாற்றத்தான் மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்த்த டொக்டர், இரண்டு விழித்திரையிலும் கசிவு, வலது கண்ணில் நடுப்பகுதி வீங்கியிருக்கிறது, அதற்கு ஊசி, இடது கண்ணுக்கு லேசர் என்றார். அப்பா ஒரேயடியாக மாட்டேன் என்கிறார். "பேப்பர் வாசிக்க ஏலுது, இருக்கிற பார்வையையும் ஊசி குத்திக் கெடுக்கவா?" லேசர் அடித்த பிறகுதான் யாருக்கோ கண் மங்கியது என்று பக்கத்து வீட்டில் வேறு சொல்லி வைத்திருக்கிறார்கள். இது அவசரமா? வலிக்குமா? ஒரு ஊசியோடு முடியுமா?

வாவிக்கரை:
மகள், நான் கண் வாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். சீனி வருடக்கணக்கில் கூடி நின்றால் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதாகிவிடும். வாய்க்கால் கரை கசிந்து வயல் ஊறுகிற மாதிரி நீரும் கொழுப்பும் கசிந்து மக்யுலா என்கிற நடுப்பகுதி வீங்கும். எழுத்து வாசிக்கவும் முகம் அடையாளம் காணவும் அந்த இடம்தான் வேண்டும், அதனால் கண்ணாடி மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. இரத்தம் போதாத பகுதிகள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கும், அது கசிவைக் கூட்டும், புதுக் குழாய்களையும் முளைக்க வைக்கும். அந்தக் குழாய்கள் சும்மா உடைந்து கண்ணுக்குள் இரத்தம் நிரம்பும், தழும்பு பிடித்து இழுத்தால் விழித்திரையே கழன்று வரும். அந்த நிலைக்குப் போனால் விட்ரெக்டமி என்ற பெரிய சத்திரசிகிச்சைதான்.

ஊசி அந்தப் புரதத்தைத்தான் அடக்குகிறது. அவஸ்டின், லூசென்டிஸ், ஐலியா எல்லாம் இந்த வகை. அவஸ்டின் 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கென்று அனுமதி பெற்ற மருந்து, கண்ணுக்குப் போடுவது 0.05 மில்லிலீட்டர்தான். ஆகவே பெயரைக் கூகுளில் தேடிப் பார்த்து அப்பாவுக்குக் கான்சரா என்று அழுதுகொண்டிருக்க வேண்டாம்.

மரத்துப்போகச் சொட்டு விட்டு, ஐயோடினால் கழுவி, இமையை விரித்துப் பிடித்து வெள்ளை விழியில்தான் குத்துவார்கள். குத்துவது சில விநாடிதான், ஐயோடின் எரிச்சல்தான் பெரும்பாலும் ஆட்களைப் படுத்தும். அடுத்த நாள் வெள்ளையில் சிவப்புத் திட்டு தெரிந்தால் பயமில்லை. ஆனால் வலி கூடிக்கொண்டே போய்ப் பார்வையும் குறைந்தால் கிருமி பிடித்திருக்கலாம், அன்றைக்கே ஓட வேண்டும். ஒரு ஊசியோடு முடியாது. முதலில் மாதம் ஒன்று, பிறகு விழித்திரையைப் படம் பிடிக்கிற ஓசிடி ஸ்கேனில் வீக்கத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். கொஞ்சம் தெளிந்ததும் கிளினிக்குக்கு வராமல் விடுகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வரும். அப்பாவுக்கு அண்மையில் மாரடைப்பு, பாரிசவாதம் ஏதும் வந்திருந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்முனைப் பொடியன்:
அக்கா, எங்கள் வாப்பாவுக்கு லேசர் அடித்தது. பக்கத்து வீட்டில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஓரத்து விழித்திரையைச் சுட்டுத்தான் நடுப் பார்வையைக் காப்பாற்றுகிறார்கள், அதனால் இரவில் கொஞ்சம் தடுமாறுவார், பக்கப் பார்வையும் சற்றுக் குறையும். அடித்த கையோடு பார்வை கூடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், இருப்பது போகாமல் இருக்கத்தான் அது. வாப்பா இப்போதும் கடைக் கணக்கைத் தானே எழுதுகிறார். இன்னொன்று, மருந்து விட்டுக் கண்மணியை விரித்தால் சில மணி நேரம் வெயிலும் எழுத்தும் கூசும். மோட்டார் சைக்கிளை அவரிடம் கொடுக்காதீர்கள், ஆட்டோவில் போங்கள்.

வாவிக்கரை:
தம்பி சொன்னது சரி. இரத்தப் பிரஷரையும் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும், சீனி மட்டும் போதாது. அப்புறம், திடீரென்று மின்னல் மாதிரி வெளிச்சம், கூட்டமாகக் கறுப்புப் புள்ளிகள், ஒரு பக்கத்தால் திரை இறங்குவது என்று வந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது.

களுவாஞ்சி மகள்:
நன்றி அன்ரி. இதை அப்படியே வாசித்துக் காட்டினேன், முணுமுணுத்துக்கொண்டு சரி என்றார். எனக்கும் போன வருடம் சீனி என்று சொன்னார்கள், பார்வை நல்லாத்தான் இருக்கிறது, நானும் காட்ட வேண்டுமா?

வாவிக்கரை:
கட்டாயம். உங்கள் வயதில் வருவது அநேகமாக இரண்டாம் வகைச் சீனிதான், அது தெரிந்த உடனேயே ஒரு தடவை விழித்திரை பார்க்க வேண்டும், பிறகு வருடம் ஒருமுறை. முற்றும் வரைக்கும் பார்வையில் ஒன்றும் தெரியாது. அப்பாவோடு சேர்ந்து நீங்களும் நம்பர் எடுங்கள், திங்கள் போயா விடுமுறை, செவ்வாய் போங்கள்.