ஒல்லியும் நீலாம்பலும்: குளத்திலிருந்து தொட்டிக்கு

செங்கலடிப் பக்கமிருந்து:
குளத்து ஆம்பலைத் தொட்டியில வளர்க்கப் போறீங்களெண்டா, முதல்ல எதைப் பிடுங்குறம் எண்டு தெரிஞ்சு பிடுங்குங்க. 1986இல இலங்கையின்ட தேசிய மலராக்கின நீலாம்பல் வெளிர்நீலம். காலையில விரிஞ்சு பின்னேரத்துக்குள்ள கூம்பிரும். ஒல்லியும் ஒரு ஆம்பல்தான்; பொழுதுபட விரிஞ்சு, மறுநாள் வெயில் ஏற மூடும். பூ இல்லாட்டி இலையைத் திருப்பித் தடவுங்க. ஒல்லிக்கு அடிப்பக்கம் வெல்வெட் மாதிரி, ஓரம் வாள்பல். கடும் ஊதாவில பெரிசாப் பூக்கிறது வெளியில இருந்து வந்த கலப்பினம். பலர் அதைத்தான் தேசிய மலர் எண்டு ஆசையா வளர்க்கிறாங்க!

சம்மாந்துறையிலிருந்து:
கிழங்கெடுக்க ஆடி, ஆவணிதான் தோது. குளம் வத்தி ஓரம் வெடிக்கைக்குள்ள, காய்ஞ்ச தண்டு கிடக்கிற இடத்தைக் கிளறினா பாக்களவில கிடைக்கும். அமத்திப் பாருங்க, விரல் பதிஞ்சா அழுகல்.

அடியில ஓட்டை இல்லாத, ரெண்டடி அகல பேசின். வட்டைக் களி (வயல் களிமண்) அரையடி போதும். கொம்போஸ்ட், தும்புத்தூள் ரெண்டும் வேணாம். பாதி மிதக்கும், மிச்சம் அடியில புளிச்சுக் கிழங்கை அழுகப் பண்ணும். கிழங்கை வைக்கைக்குள்ள குருத்துக் கண் களிக்கு மேல தெரியணும். சுத்திவர ஒரு விரல் தடிப்பில ஆத்துமணல் போட்டா களி கலங்காது. தண்ணி முதல்ல நாலு விரல்தான். இலை மிதக்க மிதக்கத்தான் கூட்டணும்; எடுத்த எடுப்பில நிரப்பினா குருத்து மெலிஞ்சு போகும். ஆறு மணித்தியாலம் நேர் வெயில் கட்டாயம்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:
சம்மாந்துறை நானா சொன்னதோட தண்ணியையும் பாருங்க. வாவிக்கும் கடலுக்கும் நடுவில இருக்கிற ஊர்களில கச்சான் அடிக்கிற மாசங்களில கிணறு உவர்க்கும். ஆவியாப் போறது தண்ணி மட்டும், உப்பு தொட்டியிலேயே நிக்கும். குறையக் குறைய ஊத்திக்கொண்டே இருந்தா உப்பு ஏறி இலை ஓரம் கருகும். அதால இடைக்கிடை பாதியை இறைச்சிட்டு மாத்துங்க. பைப் தண்ணியெண்டா ஒரு நாள் திறந்து வைச்சு ஊத்தலாம்.

உரம் நாலஞ்சு இலை வந்த பிறகு. தண்ணிக்கு மேல யூரியா தூவினா பாசிதான் கொழுக்கும், மீனும் சாகும். கலப்பு உரம் ஒரு தேக்கரண்டி கடதாசியில சுத்தி, கிழங்குக்கு எட்டத் தள்ளிக் களிக்குள்ள அமத்துங்க. நுளம்புக்கு அஞ்சாறு கப்பி மீன் விடுங்க.

அக்கரைப்பற்றிலிருந்து:
இலையில நீள்வட்டமாத் துண்டு வெட்டுப்பட்டிருந்தா நத்தையைத் திட்டாதீங்க. புழுவொண்டு அந்தத் துண்டை வெட்டி, இலையின் அடியில ஒட்டி, நடுவில படுத்துக்கொண்டு தின்னும். கையால உரிச்சு நசுக்கிறதுதான் வழி. மருந்தோ சவர்க்காரத் தண்ணியோ அடிச்சா கப்பி மிஞ்சாது.

ஒல்லியரிசி வேணுமெண்டா பழுத்த காயைத் தண்ணியில அழுகவிட்டுக் கசக்கிக் கழுவி, கடுகு மாதிரி விதையைக் காயவைச்சுக் குத்துங்க. நாத்தம் பொல்லாதது, வாளியைக் கிணத்தடியில இருந்து தூர வையுங்க.