விண்வெளி மரைன் நாவல்களில் சிரிப்பு: எதில் தொடங்கலாம்?

வால்மீன்: மிலிட்டரி சயின்ஸ் ஃபிக்‌ஷனில் சீரியஸான நாவல்கள் கொஞ்சம் படித்தாயிற்று. பூட் கேம்ப் (புது வீரர்களுக்கான பயிற்சி முகாம்), வேற்றுக்கிரகப் போர் எல்லாம் இருக்கணும், சிரிக்கவும் வைக்கணும். எதில் தொடங்கலாம்? தொடர் என்றால் எதுவரை படிக்கலாம்?

நிலாவாசி: ஹாரி ஹாரிசனின் 'பில், தி கேலக்டிக் ஹீரோ' (1965). அதற்கு முன் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' (1959) படித்துவிடுங்கள். ஹாரிசன் கிண்டலடிப்பது அதைத்தான். மூலம் தெரியாவிட்டால் பாதி நக்கல் பிடிபடாது. எதிரிகளான சிங்கர்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் ஏழடி உயர அரக்கர்கள் என்பது அரசுப் பிரச்சாரம், நிஜத்தில் ஏழே அங்குலம். கப்பலின் ப்ளோட்டர் டிரைவ் இன்னும் அருமை: அணுக்களின் பிணைப்பைத் தளர்த்திக் கப்பலையே ஊதிப் பெருக்க வைக்கிறார்கள், அது போகவேண்டிய இடம்வரை வீங்கியதும் அந்த முனையில் சுருக்கிவிடுகிறார்கள். கப்பல் நகரவே இல்லை, ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டது! கேலியாக இருந்தாலும் அதற்குள் ஒரு தர்க்கம் ஓடுகிறது, அதனால்தான் சிரிப்பு வருகிறது. பில்லுக்கு இடது கை போய், செத்த தோழனின் வலது கையை ஒட்டவைக்கும் இடமும் அப்படித்தான். சிரித்து முடிப்பதற்குள் வயிற்றைப் பிசையும். 1989 முதல் வந்த தொடர்ச்சிகளில் பெரும்பாலானவை வேறு எழுத்தாளர்களோடு சேர்ந்து எழுதியவை. அந்தக் கூர்மை இல்லை, விட்டுவிடலாம்.

அடிக்குறிப்பு: சாண்டி மிட்செலின் கயஃபஸ் கெய்ன் தொடரையும் சேருங்கள். வார்ஹாமர் 40,000 என்ற போர் விளையாட்டின் உலகம்தான், ஆனால் கெய்ன் அதில் வரும் அதிமனித வீரர்களான ஸ்பேஸ் மரைன்களில் ஒருவன் இல்லை, சாதாரண மனிதர்களின் இம்பீரியல் கார்டு படையோடு போகும் கமிசார், அதாவது வீரர்களின் கட்டுப்பாட்டையும் விசுவாசத்தையும் கண்காணிக்கும் அதிகாரி. மரைன்களை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். 'ஃபார் தி எம்பரர்' (2003), 'கேவ்ஸ் ஆஃப் ஐஸ்', 'தி ட்ரெய்ட்டர்ஸ் ஹேண்ட்' என்று போங்கள். மூன்றும் 'ஹீரோ ஆஃப் தி இம்பீரியம்' தொகுப்பில் ஒன்றாகக் கிடைக்கும். தான் ஒரு கோழை என்று கெய்ன் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகளுக்கு இன்குவிசிட்டர் (பேரரசின் ரகசிய விசாரணை அதிகாரி) ஆம்பர்லி வெய்ல் அடிக்குறிப்பு போடுகிறாள். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள், அவன் சொல்வதை அவள் மடக்கும் இடத்தில்தான் நகைச்சுவையே. மின்நூலில் அவை கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தால் அப்போதைக்கப்போது தட்டிப் படித்துவிடுங்கள்.

ஒமேகா: ரத்தம் குறைவாக வேண்டுமென்றால் ராபர்ட் ஆஸ்ப்ரினின் 'ஃபூல்ஸ் கம்பெனி' (1990). சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்தில் தாக்குதலுக்கு உத்தரவிட்ட ஃபூல் என்ற கோடீஸ்வர அதிகாரியை, தண்டனையாக உதவாக்கரைகள் நிறைந்த படைப்பிரிவுக்குத் தலைவனாக்குகிறார்கள். அவன் சொந்தப் பணத்தைக் கொட்டி அதைத் தேற்றுகிறான். சண்டை கம்மி, ஆட்களைக் கையாளும் சாமர்த்தியம் ஜாஸ்தி. அவனுடைய பட்லர் பீக்கரின் நாட்குறிப்பைக் கவனமாகப் படியுங்கள். 1992-இல் வந்த இரண்டாவது புத்தகத்தோடு நிறுத்தலாம். மூன்றாவதிலிருந்து (1999) பீட்டர் ஹெக்கும் சேர்ந்து எழுதுகிறார், தொனி மாறிவிடுகிறது.

நிலாவாசி: அப்படியானால் ஃபூலை பில்லுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பில்லின் கசப்புக்குப் பிறகு அது சப்பென்று இருக்கும்.