நிலாவெளியிலிருந்து திரியாய்க்கு நடை: சுமையும் இராத்தங்கலும்

கேள்வி – உப்புவெளி வாசி
வணக்கம். வரும் ஆடி மாதத்தில் நானும் என் மைத்துனரும் திருகோணமலைக்கு வடக்கே உள்ள நிலாவெளியில் புறப்பட்டு, கடற்கரையோரமாகவே குச்சவெளி வரை ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நடந்து, அங்கே கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் திரியாய்க்குப் போக எண்ணியுள்ளோம். அடுப்பு, சமையற் பொருள்கள், கூடாரம், பாய் ஆகியவற்றைச் சேர்த்தால் ஆளுக்கு 18 கிலோ வருகிறது. இச்சுமையுடன் ஒரே பகலில் இத்தூரம் நடக்க இயலுமா? இரவு எவ்விடத்தில் தங்குவது நல்லது?

பதில் – பாதயாத்திரை அடியார்
தம்பி, உங்கள் கணக்கில் தண்ணீரைக் காணவில்லை. ஆடியில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அனலாக வீசும். வியர்வை அரும்பும்போதே காய்ந்துவிடுவதால், உடம்பு எவ்வளவு நீரை இழந்தது என்பதே நமக்குத் தெரியாமற் போகும். ஆளுக்கு 5 லீற்றராவது வேண்டும் என்றால் அதுவே 5 கிலோ. களப்புகளின் (கடலோர உப்பங்கழிகளின்) நீர் உவர்ப்பானது என்பதால் வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். ஊர்க் கிணறுகளில் கேட்டு வாங்குங்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து தெற்கே கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் அடுப்பைச் சுமப்பதில்லை. விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறியதும் கோயில் நிழலில் இளைப்பாறி, கிடைத்ததை உண்டு, பொழுது சாயும்போது மீண்டும் நடப்பார்கள். நீங்களும் பொரிமா, பேரீச்சம்பழம், சில ஜீவனிப் பொதிகளோடு (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) சமையலை முடித்துக்கொண்டால் சுமை வெகுவாகக் குறையும்.

பதில் – கரைவலைக்காரர் மகன்
முழுவதும் கடற்கரையால் நடக்க முடியாது. இறக்கக்கண்டியில் களப்பு கடலோடு சேரும் இடத்தில் வீதிக்கு ஏறிப் பாலத்தால்தான் கடக்க வேண்டும். ஆழம் குறைவாகத் தெரிகிறது என்று முகத்துவாரத்தில் இறங்காதீர்கள், நீரோட்டமும் முதலையும் உண்டு. மற்ற இடங்களில் அலை நனைத்த இறுகிய மணலில் நடந்தால் கால் புதையாது. ஆனால் கரை ஒரு பக்கம் சரிந்திருப்பதால் நெடுநேரம் நடந்தால் கணுக்கால் நோகும். இடையிடையே வீதிக்கு மாறுவதே என் விருப்பம்.

தங்குவதற்கு, மீனவர் வாடி (தங்குகுடிசை) ஒன்றுக்கு அருகில் சம்மாட்டியாரிடம் (வலை, படகு உரிமையாளரிடம்) கேட்டுவிட்டு இடம் பிடியுங்கள். கரைவலை இழுக்கும் பாட்டின் (அதற்கென ஒதுக்கிய கரைப்பகுதியின்) நடுவே கூடாரம் நின்றால் விடியற்காலையில் உங்களை எழுப்பிவிடுவார்கள், அதுவும் இனிய சொற்களால் அல்ல. தென்னையின் கீழ் அடிக்கவே வேண்டாம்.

பதில் – கும்புறுபிட்டி ஆசிரியர்
மறுநாள் பயணம் பற்றி ஒன்று. திரியாய்ப் பக்கம் யானை நடமாட்டம் உள்ளது. ஆகவே அந்தப் பகுதிக்கு மட்டும் இருட்டில் புறப்படும் வழக்கம் பொருந்தாது. நன்றாக வெளிச்சம் வந்தபின், ஊரவரிடம் விசாரித்து, வீதியாலேயே நடவுங்கள். கிரிகண்டு விகாரை என்னும் பழைய பௌத்த தலம் அமைந்துள்ள மலை தொல்லியல் இடம். பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும், காட்டுக்குள் தங்குவதற்கு வனத்துறையின் அனுமதி தேவை.

உப்புவெளி வாசி
மூவருக்கும் நன்றி. அடுப்பை வீட்டில் விட்டுவிடுகிறோம். கச்சானில் மணலுக்குள் கூடார முளை நிற்குமா?

கரைவலைக்காரர் மகன்
நிற்காது. சிறு உரப்பைகளில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். வாசலைக் கடற்பக்கம் வையுங்கள். காற்று மேற்கிலிருந்து வரும்.